ஏ9 கொழும்பில் இல்லை: இலங்கைச் சாலைப் பலகைகளைப் படிக்கும் முறை

கொழும்பில் விமானம் இறங்கி, அங்கேயே கார் வாடகைக்கு எடுத்து யாழ்ப்பாணம் போகத் திட்டமிடும் வடசென்னைக்காரர் மேப்பைத் திறந்ததும் தேடுவது ஏ9 சாலையைத்தான். செய்திகளில் பல ஆண்டுகளாகக் காதில் விழுந்த பெயர் அது. 2002 போர்நிறுத்தத்தின்போது திறந்தது, 2006-இல் மூடியது, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது என்று எத்தனையோ முறை படித்திருக்கிறோம். தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். கொழும்பில் ஏ9 கிடையாது. விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலும் கிடையாது. ஏ9 கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் சாலை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நம் பழக்கம். இந்தியாவில் நெடுஞ்சாலை எண் ஒரு வகையில் பேசுகிறது, பாக் நீரிணைக்கு அப்பால் வேறு வகையில் பேசுகிறது. இரண்டு நாட்டிலும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறோம், தூரம் கிலோமீட்டரில்தான் இருக்கிறது, பலகையில் தமிழும் இருக்கிறது. அதனாலேயே எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

நம்மூர் எண் சொல்வது என்ன?

மாதவரம், செங்குன்றம் வழியாகத் தடா நோக்கிப் போகும் ஜி.என்.டி. ரோடு இன்று தேசிய நெடுஞ்சாலை 16. லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு அது இன்னமும் 'என்எச் 5'தான். 2010-இல் நாடு முழுக்க எண்களை மாற்றியபோது பழைய 5 போய் 16 வந்தது. பெங்களூர் சாலையான பழைய 4 இன்று 48. திருவள்ளூர் வழியாகத் திருத்தணி, ரேணிகுண்டா போகும் பழைய 205 இன்று 716.

புதிய எண்கள் குலுக்கல் முறையில் வந்தவை அல்ல. அவற்றுக்கு விதி உண்டு:

1. வடக்கு தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்குக் கரையிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். வங்கக் கடலோரம் 16, அரபிக் கடலோரம் 66.

2. கிழக்கு மேற்காக ஓடும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். காஷ்மீரில் 1, ராமேசுவரத்துக்குப் போகும் சாலை 87.

3. மூன்று இலக்க எண் என்றால் கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையின் எண். 716 என்பது 16-இன் கிளை.

ஆக, முன்பின் தெரியாத ஊரில் '716' என்று ஒரு பலகையைப் பார்த்தாலும் 'இது எங்கோ 16-ஐத் தொடும்' என்று நம்மால் ஊகிக்க முடியும். ரோட்டோரக் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை என்பதும் நமக்குப் பழகிப்போன கணக்கு. இந்த இரண்டையும் விமானம் ஏறும்போதே மறந்துவிட்டால் நல்லது.

இலங்கையில் எழுத்தை முதலில் பாருங்கள்

இலங்கைச் சாலைப் பெயரில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எழுத்து சாலையின் தரத்தைச் சொல்கிறது.

'இ' என்றால் அதிவேக நெடுஞ்சாலை. 'ஏ' என்றால் நகரங்களை இணைக்கும் முதன்மைச் சாலை. 'பி' அதற்கு அடுத்த படி. ஏ, பி இரண்டும் தேசியச் சாலைகள். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருப்பவை. 'சி', 'டி' எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. சுற்றுலா போகிறவருக்கு சி, டி எண்கள் பெரும்பாலும் தேவைப்படாது.

தரம்தான் தெரியுமே தவிர அகலம் தெரியாது. 'ஏ' என்று பார்த்ததும் நம் ஜி.என்.டி. ரோடு மாதிரி நடுவில் தடுப்புச்சுவர், இரண்டு பக்கமும் பல தடம் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நகரங்களை விட்டு வெளியே வந்தால் ஏ சாலைகள் பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். எதிரே பஸ் வரும். சட்டப்படி கார்களுக்கு உச்ச வேகம் ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர், ஊருக்கு வெளியே 70. நம்மூர் நெடுஞ்சாலை வேகத்தை மனதில் வைத்து 'நானூறு கிலோமீட்டர்தானே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைக்காதீர்கள்.

எண் என்பது அங்கே ஒரு பெயர்

இலங்கை எண்களில் இரட்டைப்படை, ஒற்றைப்படை விதி கிடையாது. எண்ணை வைத்து வடக்கா மேற்கா என்று கண்டுபிடிக்க முடியாது. ஏ1 கொழும்பு – கண்டி. ஏ2 கொழும்பிலிருந்து காலி, அம்பாந்தோட்டை வழியாக வெல்லவாய. ஏ3 கொழும்பை ஒட்டிய பேலியகொடையிலிருந்து புத்தளம். ஏ4 கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகச் சுற்றிக்கொண்டு மட்டக்களப்பு வரை. முதல் நான்கைப் பார்த்தால் 'ஓகோ, தலைநகரிலிருந்து கதிர் மாதிரிப் பிரிகிறது' என்று தோன்றும். ஐந்தாவதிலேயே அது உடைகிறது. ஏ5 கண்டிக்குப் பக்கத்துப் பேராதனையில் தொடங்குகிறது. ஏ9 கண்டி – யாழ்ப்பாணம். ஏ12 புத்தளம் – அனுராதபுரம் – திருகோணமலை. ஏ14 மதவாச்சி – தலைமன்னார். ஏ15 மட்டக்களப்பு – திருகோணமலை. ஏ15-க்குப் பக்கத்தில் ஏ16 இருக்கும் என்று தேடினால் அது மலையகத்தில் பெரகலையில் கிடக்கிறது.

பி சாலைகளின் எண்களில் மட்டும் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால் அது பூகோள ஒழுங்கு இல்லை, வருகைப் பதிவேட்டு ஒழுங்கு. சாலை தொடங்கும் ஊரின் பெயரை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி எண் போட்டிருக்கிறார்கள். பத்தரமுல்லையில் தொடங்கும் பன்னிப்பிட்டிய சாலை பி47. கொழும்பு – ஹொரணை சாலை பி84. கொள்ளுப்பிட்டி – ஸ்ரீ ஜயவர்தனபுர சாலை பி240. ஆங்கிலத்தில் பி, சி, கே என்ற வரிசையை எண்களோடு ஒப்பிட்டால் விஷயம் புரிந்துவிடும். ஆகவே பி84-க்கும் பி85-க்கும் இடையே பல மைல் தூரம் இருக்கலாம். '84-ஐ விட்டுவிட்டோம், அடுத்து 85 வரும், அதில் திரும்பிக்கொள்ளலாம்' என்ற நம்மூர் சமாளிப்பு அங்கே எடுபடாது.

இலங்கையில் எண்ணைத் திசைகாட்டியாக எடுத்துக்கொள்ளாமல் ஆளின் பெயரைப் போல மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டுவது அந்தச் சாலையின் இரண்டு முனை ஊர்ப் பெயர்கள்தான்.

கட்டுநாயக்கவிலிருந்து யாழ்ப்பாணம்: நான்கு எண்கள்

சொன்னதை ஒரு பயணத்தில் பொருத்திப் பார்ப்போம். விமான நிலையத்திலிருந்து மேற்குக் கரை வழியாக யாழ்ப்பாணம் போவதாக வைத்துக்கொள்வோம்.

1. முதலில் ஏ3. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று கடலோரமாக வடக்கே போகும். பலகையில் பார்க்க வேண்டிய ஊர் புத்தளம். 'யாழ்ப்பாணம்' என்று எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொரு பலகையிலும் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தால் கண்தான் வலிக்கும்.

2. புத்தளத்தில் ஏ3 முடிந்துவிடும். அங்கே இரண்டு எண்கள் காத்திருக்கும். ஏ10 குருநாகல் பக்கம் போவது, அது வேண்டாம். ஏ12 அனுராதபுரம் போவது, அதைப் பிடிக்க வேண்டும். இந்தப் பயணத்தில் தடம் மாறிப்போக அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான். எண்ணில் இரண்டு தள்ளி, திசையிலோ முற்றிலும் வேறு.

3. அனுராதபுரத்திலிருந்து ரம்பேவ வரை ஏ20. சின்னத் துண்டுச் சாலை. ஏ12-இலேயே நேராகப் போனால் மிகிந்தலை தாண்டித் திருகோணமலைப் பக்கம் போய்விடுவீர்கள்.

4. ரம்பேவவில்தான் ஏ9 முதன்முதலாகக் கைக்கு வரும். இடதுபக்கம் திரும்பினால் வடக்கு. மதவாச்சி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, சாவகச்சேரி, யாழ்ப்பாணம்.

மதவாச்சியில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. அங்கே ஏ14 இடப்பக்கம் மன்னாருக்குப் பிரிகிறது. 'வடமேற்கே கடல், யாழ்ப்பாணமும் கடலோரம்' என்று யாராவது பின்சீட்டிலிருந்து யோசனை சொல்லுவார். அவர் சொல்வதிலும் முழுத் தவறு இல்லை. மன்னார்ப் பக்கமிருந்து பூநகரி வழியாக நாவற்குழிக்கு ஏ32 போகிறது. 2011-இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் அந்த வழியிலும் யாழ்ப்பாணத்துக்குள் நுழையலாம். ஆனால் அது தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டிய வழி, தவறித் திரும்பிப் போகிற வழி இல்லை.

சென்னையிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போகிறவர்களும், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்குகிறவர்களும் இதே வழியைத் தலைகீழாகப் படித்துக்கொள்ள வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தக் கப்பல் பயணிகளுக்கானது. நம் காரை ஏற்றிக்கொண்டு போக முடியாது. எந்த வழியில் போனாலும் ஓட்டப்போவது அங்கத்து வாடகைக் கார்தான்.

'இ' பலகையும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையும்

வடசென்னைக்காரருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்ற சொல்லில் ஏற்கெனவே ஒரு கசப்பு உண்டு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் நிற்கும், ஷேர் ஆட்டோ குறுக்கே திரும்பும், மாடு நடுவில் படுத்திருக்கும். பெயரில்தான் வேகம். அந்த அனுபவத்தோடு 'இ01' பலகையைப் பார்த்துவிட்டு அலட்சியமாக உள்ளே நுழைந்தால் சிக்கல்.

இலங்கையில் 'இ' என்பது முழுக்க வேலியிட்ட சாலை. குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் ஏறலாம், இறங்கலாம். பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. உச்ச வேகம் மணிக்கு 100. சில பகுதிகளில் குறைவு. ஏறும் இடத்தில் சீட்டு வாங்கி, இறங்கும் இடத்தில் தூரத்துக்கு ஏற்ப கட்டணம் கொடுக்கும் முறை தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் இருக்கிறது. நம் ஃபாஸ்டேக் அங்கே செல்லாது. கையில் இலங்கை ரூபாய் நோட்டு இருக்கட்டும்.

எண்களைப் பொறுத்தவரை இங்கேயும் அதே கதைதான். இ01 கொட்டாவையில் தொடங்கும் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை. 2011 நவம்பரில் காலி வரை திறந்தது, 2014-இல் மாத்தறை, 2020-இல் அம்பாந்தோட்டை வரை நீண்டது. இ02 கொழும்பின் வெளிவட்டச் சாலை. இ03 கொழும்பு – கட்டுநாயக்க, 2013 அக்டோபரில் திறந்தது. விமான நிலையத்திலிருந்து காலிக்குப் போகிறவர் இந்த மூன்றையும் தொடுவார்: இ03-இல் ஏறி, கெரவலப்பிட்டியில் இ02-க்கு மாறி, கொட்டாவையில் இ01. வேலியை விட்டு வெளியே வராமலேயே மூன்று எண்கள் மாறிவிடும். கெரவலப்பிட்டியில் பிரிவைத் தவறவிட்டால் இ03 உங்களைப் பேலியகொடை வழியாகக் கொழும்பு நெரிசலுக்குள் தள்ளிவிடும்.

தவறவிட்டால் என்ன செய்வது? நம்மூரில் செய்வது மாதிரி ஓரம்கட்டி ரிவர்ஸ் எடுப்பது அங்கே நினைத்தே பார்க்கக் கூடாத காரியம். அடுத்த இறங்குமிடம் வரை போய், வெளியேறி, மறுபடி ஏறி வர வேண்டும். பணமும் நேரமும் போகும், அவ்வளவுதான்.

இ04 என்ற எண் மேப்பில் தெரிந்தால் இன்னொரு எச்சரிக்கை. மத்திய அதிவேக நெடுஞ்சாலையான அதில் 2022 ஜனவரியில் முதலில் திறந்தது மீரிகம – குருநாகல் இடைப்பகுதி. தலைப்பகுதி அப்போது தயாராகவில்லை. கோடு வரைந்திருக்கிறது என்பதற்காகச் சாலை இணைந்துவிட்டது என்று பொருளில்லை. புறப்படும் நாளில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையில் இருப்பது தமிழ்தான், ஆனால்...

ஆந்திராவுக்குள் தடா தாண்டியதும் எழுத்து புரியாமல் போகிறதே, அந்தத் தொல்லை இலங்கையில் இல்லை. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் பலகையில் இருக்கும். 1987-இல் வந்த 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. சில பலகைகளில் தமிழ் எழுத்துப்பிழையோடு இருக்கும் என்பது அங்கத்துத் தமிழர்களின் நெடுநாள் மனக்குறை. அதைத் தாண்டியும் நமக்குச் சில சொற்கள் இடறும்.

வீதி: நமக்கு வீதி என்றால் தேரடி வீதி, மாட வீதி. அங்கே நெடுஞ்சாலைக்கே வீதி என்றுதான் பெயர். கொழும்பின் பிரதான சாலையான ஏ2 அங்கே 'காலி வீதி'. 'ஏ9 வீதி' என்றுதான் செய்தியிலும் வரும். சந்துக்கு 'ஒழுங்கை' என்பார்கள். சிங்களப் பகுதிகளில் 'மாவத்தை' என்று முடிந்தால் அதுவும் தெருப்பெயர்தான்.

சந்தி: தச்சூர் கூட்டு ரோடு, ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோடு என்கிறோமே, அந்தக் கூட்டு ரோட்டுக்கு அங்கே சந்தி என்று பெயர். வழி கேட்டால் 'அடுத்த சந்தியில் திரும்புங்கோ' என்பார்கள்.

காலி: இதுதான் புதிதாகப் போகிறவர்களைச் சிரிக்க வைக்கும் பலகை. அதிவேக நெடுஞ்சாலையில் பெரிய எழுத்தில் 'காலி' என்று அம்புக்குறியோடு இருக்கும். சாலை காலி என்ற நல்ல செய்தி இல்லை அது. தென்கரையில் இருக்கும் நகரத்தின் பெயர்.

இன்னும் சில: புகையிரத நிலையம் என்றால் ரயில்வே ஸ்டேஷன், வைத்தியசாலை என்றால் மருத்துவமனை, தரிப்பிடம் என்றால் வண்டி நிறுத்துமிடம், கடவை என்றால் கடக்கும் இடம். வளைவு, பள்ளிக்கூடம் போன்றவற்றை எச்சரிக்கும் பலகை நம்மூரில் சிவப்பு விளிம்பிட்ட முக்கோணம். அங்கே மஞ்சள் நிறச் சாய்சதுரம்.

ஊர்ப்பெயர்களில் வேறொரு சிக்கல். காரில் இருக்கும் மேப் ஆங்கிலத்தில் பேசினால் அது சொல்லும் பெயருக்கும் பலகைத் தமிழுக்கும் சம்பந்தமே இருக்காது. 'எலிஃபண்ட் பாஸ்' என்று அது சொல்லும்போது பலகையில் ஆனையிறவு இருக்கும். 'பாயிண்ட் பீட்ரோ' பருத்தித்துறை. 'பாட்டிகலோவா' மட்டக்களப்பு. 'நிகம்போ' நீர்கொழும்பு. போகிற வழியில் இருக்கும் ஊர்களை மட்டும் இரண்டு பெயரிலும் ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம். சிங்களப் பகுதியில் வழி கேட்டால் மூன்றாவது பெயர் வரும். அங்கே 'நுவர' என்று மொட்டையாகச் சொன்னால் அது கண்டி. நுவரெலியா என்று நினைத்துத் தலையாட்டினால் கதை கந்தல்.

கட்டைக் கணக்கு

ஏ9 ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர்க் கட்டைகளைப் பார்த்துப் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். எண் கண்டியிலிருந்து ஏறும். சாலையின் நீளம் சுமார் 321 கிலோமீட்டர். வடக்கே போகிறவருக்கு எண் கூடிக்கொண்டே போகும். அது யாழ்ப்பாணத்துக்கு மிச்சமிருக்கும் தூரமும் இல்லை, கொழும்பிலிருந்து வந்த தூரமும் இல்லை.

பழைய மைல் கணக்கு இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. கிளிநொச்சியில் '155ஆம் கட்டை' என்றொரு இடம் உண்டு. கட்டை என்றால் அங்கே மைல்கல். 155 மைல் என்பது ஏறத்தாழ 249 கிலோமீட்டர். யாராவது 'நூற்றைம்பத்தைந்தாம் கட்டையில் நிற்கிறேன், வாங்கோ' என்று சொன்னால் 155 என்று எழுதிய கிலோமீட்டர்க் கட்டையில் வண்டியை நிறுத்திவிடாதீர்கள். இன்னும் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கும்.

உரிமம்

நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். ஆனால் அது மட்டும் போதாது. இலங்கையில் அதற்கு அங்கத்து ஒப்புதல் வாங்க வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக உரிமம் பெற வேண்டும். வாடகைக் கார் கொடுப்பவரிடம் முன்கூட்டியே கேட்டால் வழி சொல்லுவார்.

திரும்பி வரும்போது

போகும்போது யாழ்ப்பாணம் ஏ9-இன் முனை என்பதால் சாலையே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வரும்போது அந்தச் சௌகரியம் இல்லை. தெற்கே ஏ9-இன் முனை கண்டி. ரம்பேவவில் அனுராதபுரம் என்று இருக்கும் ஏ20 பலகையைத் தவறவிட்டால் சாலை சத்தமில்லாமல் உங்களைக் கண்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பதற வேண்டாம். கொஞ்ச தூரத்தில் மிகிந்தலையில் ஏ12 குறுக்கே வரும், வலதுபக்கம் திரும்பினால் அனுராதபுரம். அதையும் விட்டால் கல்குளத்தில் ஏ13, அதுவும் அனுராதபுரத்துக்கே போகும். மூன்றையும் விட்டுவிட்டுத் தம்புள்ளைக்கே வந்துவிட்டீர்கள் என்றால் அனுராதபுரத்தை மறந்துவிடுங்கள். அங்கிருந்து ஏ6 பிடித்துக் குருநாகல், அம்பேபுஸ்ஸ வந்து ஏ1-இல் ஏறினால் கொழும்பு.